வாய்க்குப் பிடித்த மெட்டு

மெட்டுக்கு வரி எழுதுகிறவன் நான். மெட்டு வந்ததும் வார்த்தை தேட மாட்டேன். ராத்திரி கேட்டுவிட்டு போனை மூடிவிடுவேன். காலையில் மறுபடி கேட்காமல், வாய் தானாக எதை முணுமுணுக்கிறது என்று பார்ப்பேன். மெட்டுப் போட்டவர் பெருமையாகச் செதுக்கிய வளைவு பெரும்பாலும் அதில் இருக்காது. எங்கோ ஓரத்தில் கிடந்த நாலைந்து ஸ்வரம்தான் வரும். அதுவும் ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் ஒன்று உதிர்ந்து, ஒரு ஸ்வரம் சற்று நீண்டு மாறியிருக்கும். அந்த மாற்றத்துக்கு நான் மரியாதை கொடுப்பேன். மறதி செய்கிற எடிட்டிங் அது. "வாய் இப்படித்தான் பாடுது, மெட்டையே மாத்திடலாமா?" என்று கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். சிலர் சத்தமில்லாமல் மாற்றிவிடுவார்கள்.

ஹூக், அதாவது மனசில் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும் துண்டு என்றதும் எல்லோரும் ஸ்வரத்தைத்தான் பேசுகிறார்கள். எனக்குத் தாள நடைதான் முதலில். மேஜையில் விரலால் தட்டிப் பாருங்கள். ஸ்வரமே இல்லாமல் இன்ன பாட்டு என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி 1808இல் அரங்கேறியது. அதன் தொடக்கத்தை இன்றைக்கும் தட்டியே காட்டிவிடலாம்: த த த தாஆ. மூன்று குறில், ஒரு நெடில். அந்த நான்கு ஒலிகளில் இருப்பது இரண்டே ஸ்வரம். இன்னொரு விஷயம், ஏட்டில் அதற்கும் முன்னால் ஒரு சின்ன ஓய்வுக்குறி இருக்கிறது. தாளம் விழுந்து, ஒரு கணம் தள்ளித்தான் இசை தொடங்குகிறது. கர்நாடக சங்கீதத்தில் அனாகத எடுப்பு என்கிறோமே, அதன் உறவுக்காரத் தந்திரம். தாளம் தொடங்கும் சமத்தில் டக்கென்று இறங்கும் பல்லவியைவிட, அரை இடம் தள்ளி எடுக்கும் பல்லவிக்கு நான் எப்போதும் ஓர் ஓட்டு கூடுதலாகப் போடுவேன்.

ஸ்வரத்திலும் விஷயம் இல்லாமல் இல்லை. மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் பாட்டுகள் பற்றி சுமார் 3000 பேரிடம் விவரம் திரட்டி, கெல்லி ஜாகுபோவ்ஸ்கி குழு 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அப்படி ஓடும் பாட்டுகளுக்கு வேகம் சற்று அதிகம், ஏற்ற இறக்கம் பழகிய மாதிரிதான், ஆனால் நடுவில் எதிர்பாராத தாவல் ஏதாவது இருக்கிறது என்று கண்டார்கள். ஒரு தாவல் போதும் என்பது என் கட்சி. மூன்று தாவல் வைத்தால் பாடகர் பாடுவார், குளியலறையில் யாரும் பாட மாட்டார்கள்.

தாவி ஏறி நிற்கிற இடத்தில் வாய் திறந்தாக வேண்டும். ஆ, ஓ மாதிரி நெடில் அங்கே விழுந்தால் கொண்டாட்டம். நீளும் ஸ்வரத்தில் 'விடு' என்று எழுதிப் பாருங்கள், பாடகர் இழுத்து இழுத்து 'வீடு' கட்டிவிடுவார். 2015இல் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சூயிங்கம் மெல்லும்போது மண்டைக்குள் பாட்டு ஓடுவது குறைகிறது என்று காட்டினார்கள். மனசுக்குள் பாடினாலும் நாக்கும் தாடையும் ரகசியமாக அதில் கூட்டு, அவற்றுக்கு வேறு வேலை கொடுத்தால் பாட்டு தடுமாறுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். வாயில் நுழையாத வரியை எழுதிவிட்டு ராகத்தைக் குறை சொல்வதில் பிரயோஜனம் இல்லை.

திரும்பத் திரும்ப வருவது பற்றி எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. 1995இல் இசை உளவியல் ஆய்வாளர் டயானா டாய்ச் தன் பேச்சுப் பதிவைத் திருத்திக்கொண்டிருந்தபோது, சுழலவிட்ட ஒரு துண்டு கொஞ்ச நேரத்தில் பாட்டாகவே கேட்க ஆரம்பித்ததாம். வெறும் பேச்சுக்கே இந்தக் கதி என்றால், சுமாரான வரியையும் இருபது தரம் போட்டு ஒட்டவைத்துவிடலாம். அதை ஹூக் கணக்கில் சேர்க்க எனக்கு மனசு வருவதில்லை. ரெண்டு முறை அப்படியே வரட்டும், மூன்றாவதில் எதையாவது கலைக்க வேண்டும். இப்போது கையில் இருக்கும் பல்லவியில் மூன்றாவது சுற்றை 'ரி' என்கிற ரிஷபத்திலேயே தொங்கவிட்டிருக்கிறோம். ஆதார ஸ்வரமான ஸட்ஜத்தில் இறக்கி முடிக்கச் சொல்லிக் கேட்கிறார் தயாரிப்பாளர். மெட்டுக்காரரும் நானும் இன்னும் மசியவில்லை.