தோணிக்காரர்களின் பேச்சையும் காகிதங்களையும் சேர்த்த கதை: ஒரு தூத்துக்குடி அனுபவம்

தூத்துக்குடியின் கடல் வரலாறு என்றால் பனிமய மாதா கோயிலும் முத்துக்குளிப்பும் வ.உ.சி.யும்தான் முதலில் வரும். வர வேண்டியதுதான், 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊர் இது, எத்தனை முறை சொன்னாலும் தகும். ஆனால் அந்தக் கம்பெனி மூடிப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும், எஞ்சின் பொருத்தும் காலம் வரைக்கும், காற்றை நம்பிப் பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோன தோணிகளைப் பற்றி ஊருக்குள்ளேயே பேச்சு குறைவு. பாய்த்தோணியில் போனவர்களுக்கு வயதாகிவிட்டது. நானும் சில நண்பர்களும் சேர்ந்து அவர்கள் பேச்சையும், வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் காகிதங்களையும் பதிவு செய்தோம். மற்ற கடற்கரை ஊர்க்காரர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய தோணியையே காப்பாற்ற முடியுமா என்றுதான் பார்த்தோம். சட்டத்தில் பிடிமானம் இல்லை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி ஒரு பொருளுக்கு 100 வயதாவது ஆகியிருக்க வேண்டும், வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகளுக்கு 75. சுதந்திரத்துக்குப் பிறகு கட்டிய தோணி அந்தக் கணக்கிலேயே வராது, உடைத்து விறகாக விற்றாலும் யாரும் கேட்க முடியாது. வைத்துக் காப்பதும் லேசில்லை. தண்ணீரில் நின்றால் கடற்புழு மரத்தைத் துளைக்கும், கரையேற்றி வெயிலில் விட்டால் பலகை காய்ந்து மூட்டு விட்டுப்போகும். அதற்கான பணமோ இடமோ எங்களிடம் இல்லை. சரி, எது சீக்கிரம் அழியுமோ அதைப் பிடிப்போம் என்று ஆட்களிடம் போனோம்.

எப்போது போகிறோம் என்பது முக்கியம். தென்மேற்குப் பருவக்காற்று பலமாக இருக்கும் மாதங்களில் தோணிகள் பெரும்பாலும் ஓடாது, பழுது பார்க்கும் வேலைதான் நடக்கும். அப்போது ஓய்வு பெற்ற தண்டல்கள்கூட, அதாவது தோணியை ஓட்டிச்சென்ற தலைவர்கள்கூட, அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்திருப்பார்கள், கேட்காமலே பேச்சு வரும். கடற்கரையில் வைத்துப் பேசினால் காற்று ஒலிவாங்கியில் மோதி ஒன்றும் கேட்காது, அதனால் அங்கே பழகிவிட்டு, பதிவை வீட்டுக்குள் மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் செய்தோம்.

"உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க" என்றால் யாருக்கும் எதுவும் வராது. ஒரு பொருளைக் கையில் கொடுத்தால் வரும். ஒரு பெரியவரிடம், இருட்டில் கரை நெருங்குவது எப்படித் தெரியும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "கேள்விய விடு தம்பி, அந்தக் கயித்த எடு" என்றார். எழுந்து நின்று, இரண்டு கையையும் அகல விரித்து ஒரு பாகம், இன்னொரு பாகம் என்று கயிற்றை அளந்து தரையில் விட்டார். ஈயக்குண்டின் அடியில் கொழுப்பைத் தடவி இறக்குவார்களாம். ஆழமும் தெரியும், அடியில் ஒட்டி வருவது சேறா மணலா என்றும் தெரியும், ஒன்றும் ஒட்டாவிட்டால் கீழே பாறை. ஒட்டியதை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்ப்பதையும் செய்து காட்டினார். குரலை மட்டும் பதிந்திருந்தால் அதில் பாதிகூடக் கிடைத்திருக்காது. அன்றிலிருந்து கேமராவை முகத்துக்கு ஒன்று, கைகளுக்கு ஒன்று என்று வைத்தோம்.

இன்னொன்று, வீட்டுப் பெண்களிடம் கட்டாயம் கேளுங்கள். எந்த வருஷம் எந்தத் தோணி என்று தண்டல்களுக்குக் குழம்பும், வீட்டம்மாவுக்குக் குழம்பாது. மூத்த பிள்ளை பிறந்தபோது ஐயா எந்தத் தோணியில் போயிருந்தார், ஓட்டம் இல்லாத மாதங்களில் யாரிடம் கடன் வாங்கினோம் என்று அவர்கள் மனதில் அத்தனையும் இருக்கிறது. கடல் வரலாற்றில் இந்தப் பக்கத்தை யாரும் எழுதவில்லையே என்று எனக்கு வருத்தமாகவே இருந்தது.

காகிதங்களுக்கு வருவோம். 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்தில் பாய்மரக் கலங்களுக்குத் தனிப் பகுதியே இருந்தது, அதன்படி பதிவுச் சான்று வாங்காமல் தோணி ஓட்ட முடியாமல் இருந்தது. அதனால் பழைய தோணி முதலாளிகள் வீட்டில் தேடினால் அந்தச் சான்று அகப்படும். சரக்குச் சீட்டு, வெங்காயம் ஏற்றிய கணக்கு, கொழும்பிலிருந்து வந்த கடிதம் எல்லாம் அதோடு சேர்ந்தே கிடக்கும். மூலத்தை நாங்கள் வெளியே கொண்டுபோகவே இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், அங்கேயே படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தோம். நம்பிக்கை வந்ததற்கு முக்கியக் காரணமே அதுதான். உப்புக்காற்றும் பூச்சியும் தின்றது ஒரு பக்கம், அன்போடு லேமினேஷன் செய்து கெடுத்தது இன்னொரு பக்கம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைக் காகிதம் கிழியாமல் பிரிக்க முடியாது. செலோடேப்பும் அப்படித்தான், அதன் பசை காகிதத்தில் ஊறிப் பழுப்பாகிவிடும்.

அரசு அலுவலகப் பக்கம்தான் இழுத்தடிப்பு. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிப் பழைய தோணிப் பதிவேடு கேட்டோம். ஓர் அலுவலகம் கோப்பு கிடைக்கவில்லை என்று ஒற்றை வரியில் எழுதியது, மேல்முறையீடு செய்த பிறகு ஒரு பகுதி வந்தது. முதல் பதிலோடு விட்டுவிடாதீர்கள். எந்த ஆண்டு, எந்தத் தோணி, என்ன பதிவெண் என்று வீட்டுச் சான்றைப் பார்த்துக் குறிப்பாகக் கேட்டால் தட்டிக்கழிப்பது கடினம். 1658-இல் இந்த ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் காலத்துக்குப் போக வேண்டும் என்றால் எழும்பூர் ஆவணக் காப்பகம் இருக்கிறது, நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை.

எல்லாரிடமும் தமிழில் ஒரு பக்க ஒப்புதல் வாங்கினோம். சிலர், நான் இருக்கும்வரை இந்தப் பகுதியை வெளியிடாதே என்றார்கள், அதை அப்படியே எழுதிப் பூட்டிவைத்திருக்கிறோம். பிரதிகள் அந்தந்தக் குடும்பத்திடம் ஒன்று, ஒரு கல்லூரி நூலகத்தில் ஒன்று, எங்களிடம் ஒன்று.

அடுத்து மாலத்தீவு ஓட்டத்தில் இருந்தவர்களைத் தேடுகிறோம். உங்கள் வீட்டில் தோணிப் படம் இருந்தால், அதில் நிற்பவர்கள் யார் என்று தெரிந்த பெரியவர் இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்பக்கம் ஓரமாக, அழுத்தாமல், பென்சிலால் எழுதிவிடுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும்.