உள்ளே ஒளிந்திருக்கும் அகமதாபாத்

சில ஊர்கள் வந்து இறங்கிய அன்றே தம்மிடம் உள்ளதையெல்லாம் கடைபரப்பிக் காட்டிவிடும். அகமதாபாத் அப்படிக் காட்டிக்கொள்வதில்லை. காளுப்பூர் ரயில் நிலையத்துக்கு வெளியே வந்தால் கண்ணில் படுவது ஆட்டோ நெரிசலும், புழுதியும், மொத்த வியாபாரக் கடைகளின் முன்னே அடுக்கிய மூட்டைகளும்தாம். 1411இல் சுல்தான் அகமது ஷா நிறுவிய, 2017இல் இந்தியாவிலேயே முதலாவதாக யுனெஸ்கோவின் உலக மரபு நகரம் என்ற தகுதியைப் பெற்ற ஊர் இதுதானா என்று வருகிறவர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். இந்த ஊர் தன்னிடமுள்ள நல்லவற்றையெல்லாம் ஒன்று உள்ளே வைத்திருக்கிறது, அல்லது நிலத்துக்குக் கீழே வைத்திருக்கிறது. தெருவில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு அது பிடிபடாது.

பழைய நகரத்தின் உயிர் ‘போள்’ எனப்படும் குடியிருப்புகளில் இருக்கிறது. கடைவீதியில் இரண்டு கடைகளுக்கு நடுவே ஒரு வாயில், அதற்குள் நுழைந்தால் இரண்டு பேர் கைகோத்து நடக்க முடியாத சந்து, சந்துக்குள் சந்து, ஒவ்வொன்றிலும் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் மரவேலைப்பாட்டு வீடுகள். பெரும்பாலும் ஒரே சாதியோ ஒரே தொழிலோ செய்தவர்கள் சேர்ந்து வாழ்ந்த இடங்கள் இவை. பதினெட்டாம் நூற்றாண்டில் முகலாயர் ஆட்சி தளர்ந்து மராத்தியர் நுழைந்த குழப்பமான ஆண்டுகளில், இரவானால் வாயிற்கதவைச் சாத்திக்கொள்வது உயிர்ப் பாதுகாப்புக்கான ஏற்பாடாகவே இருந்திருக்கிறது. முட்டுச் சந்து என்று நாம் திரும்பப் பார்க்கும் இடத்தில், ஒரு வீட்டின் கதவு போலவே தோன்றும் கதவைத் திறந்துகொண்டு உள்ளூர்ச் சிறுவன் ஒருவன் அடுத்த போளுக்குப் போய்விடுகிறான். நடுவில் சிறு சதுக்கத்தில், தூணின் உச்சியில் மரக் கூண்டு போன்ற ‘சபுத்ரோ’ நிற்கிறது. பறவைகளுக்குத் தானியம் இடுவதற்கென்றே கட்டியது. சமணர் செல்வாக்கு மிகுந்த ஊர் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்த வீடுகளில் என்னை அதிகம் நிறுத்திவைத்தது தூண்களின் செதுக்கு வேலைகூட அன்று, முற்றத்துக்கு அடியில் இருந்த தண்ணீர்த் தொட்டிதான். செட்டிநாட்டு வீட்டைப் போலவே இங்கும் நடுமுற்றம் வானத்துக்குத் திறந்திருக்கிறது. ஆனால் அதன் தரைக்குக் கீழே ஓர் அறை அளவுக்குச் சுண்ணாம்பு பூசிய ‘டாங்கா’ இருக்கிறது. கூரையில் விழும் மழைநீர் செப்புக் குழாய் வழியே இறங்கி வருகிறது. முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, கூரை கழுவப்பட்ட பிறகு வரும் நீரை மட்டுமே உள்ளே திருப்புவார்கள். வெளிச்சம் படாததால் பாசி பிடிப்பதில்லை. ஆண்டு முழுவதும் குடிக்க உதவும். எனக்கு வீட்டைக் காட்டிய பெரியவர் முற்றத்தின் ஓரத்தில் இருந்த உலோக மூடியைத் தூக்கி, கயிற்றில் கட்டிய செம்பை இறக்கி, முகந்த தண்ணீரை நீட்டினார். எந்தச் சுவையும் இல்லாமல், குளிர்ந்து இருந்தது. மழைநீர் சேகரிப்புக்கு அரசாணை போட்டுக் குழாய் பதித்து, பிறகு அதைச் சருகால் அடைபட விட்டுவிட்ட ஊரிலிருந்து போனவன் என்பதால் நான் அதிகம் பேசவில்லை.

காளுப்பூர் சுவாமிநாராயண் கோவிலில் காலையில் தொடங்கி ஜும்மா மசூதியில் முடியும் மரபு நடைப்பயணம் ஒன்றை மாநகராட்சி நடத்துகிறது. தனியே வழி தவறித் திரிவதில் ஒரு சுகம் இருந்தாலும், முதல் முறை போகிறவர்கள் இதில் சேர்ந்துகொள்வதே நல்லது. வழியில் குஜராத்திக் கவிஞர் தல்பத்ராமின் வீடு இருந்த இடம் வருகிறது. வீடு இல்லை; முகப்பை மட்டும் எழுப்பி, அதன் முன்னே கவிஞர் உட்கார்ந்திருப்பதுபோல் ஆளுயர வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். பீடம் கிடையாது, வேலி கிடையாது. சிறுவர்கள் அவர் மேல் தாராளமாக ஏறி விளையாடுகிறார்கள். சிலைகளை இரும்புக் கூண்டுக்குள் அடைத்துப் பார்த்தே பழகிய கண்களுக்கு அது ஒரு விடுதலை.

1424இல் கட்டி முடிக்கப்பட்ட ஜும்மா மசூதியும் இந்த ஊரைப் போல உள்ளே ஒளிந்திருப்பதுதான். கடைக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு படியேறினால், சட்டென்று மிகப் பெரிய கல்முற்றம் விரிகிறது. அதன் மேற்கே 260 தூண்கள் தாங்கும் தொழுகைக் கூடம்; தூண்களின் செதுக்கலில் கோவில் தச்சர்களின் கை தெளிவாகத் தெரிகிறது. முகப்பில் இருந்த உயர்ந்த மினார்கள் 1819 நிலநடுக்கத்தில் சரிந்தவை. அடிப்பகுதி மட்டும் எஞ்சியிருப்பது கூடத்துக்கு ஒரு தனிக் கம்பீரத்தைத் தந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது. சித்தி சையது பள்ளிவாசலைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அபிசீனிய வழிவந்த ஒருவர் 1573இல், குஜராத் சுல்தானியம் அக்பரிடம் வீழ்ந்த காலத்தில் எழுப்பிய அந்தச் சிறு பள்ளிவாசலின், மரக்கிளை வடிவில் செதுக்கிய கல் சாளரத்தை, வெளியே சாலையில் நின்று படமெடுப்பவர்களே அதிகம். உள்ளே போய், பின்னாலிருந்து வெளிச்சம் ஊடுருவும்போது பார்க்க வேண்டும். அப்போதுதான் கல் மறைந்து மரக்கிளை மட்டும் நிற்கிறது.

ஜும்மா மசூதிக்குப் பக்கத்திலேயே மாணேக் சௌக் என்ற சதுக்கம். காலையில் மாட்டுத் தீவனம், பகலில் நகைக்கடைகளும் வெள்ளி வியாபாரமும், கடைகள் சாத்திய பிறகு நள்ளிரவு தாண்டியும் சாப்பாடு என்று ஒரே தரை ஒரே நாளில் வேறு வேறு வேடம் போடுகிறது. ஒரு புறம் அகமது ஷாவின் கல்லறை, மறுபுறம் அரசிகளின் கல்லறை. அரசிகளைச் சுற்றித் துணியும் வாய்மணக்கும் பொருள்களும் விற்கிறார்கள். இறந்தவர்களோடு வியாபாரம் செய்வதில் இந்த ஊருக்குக் கூச்சமே இல்லை: லால் தர்வாசாவில் உள்ள லக்கி உணவகத்தில் மேசைகளுக்கு நடுவே கல்லறைகள் இருக்கின்றன, நாம் மஸ்கா பன்னும் தேநீரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். சௌக்கில் ‘குவாலியர் தோசை’ என்ற பெயரில் கிடைப்பதைப் பற்றி மட்டும் ஒரு தமிழனாக எச்சரிக்கை செய்யக் கடமைப்பட்டிருக்கிறேன். வெண்ணெயும் சீஸும் காய்கறியும் கல்லின் மேலேயே குழம்பாகிவிடும் அதைத் தோசை என்று ஏற்க மனம் வரவில்லை. தட்டு காலியானது வேறு விஷயம்.

நகரத்துக்கு வடக்கே அடாலஜில், 1499இல் ராணி ரூடாபாய் முடித்துவைத்த படிக்கிணறு ஐந்து அடுக்குகள் பூமிக்குள் இறங்குகிறது. மேலிருந்து பார்த்தால் சமதரை. ஒரு கோபுரத்தைத் தலைகீழாகப் புதைத்துவிட்டார்களோ என்று இறங்கும்போது தோன்றும். ஒவ்வொரு தளத்துக்கும் வெயிலின் உக்கிரம் குறைந்து, கடைசியில் உடம்பே வேறு பருவத்துக்குப் போய்விடுகிறது. தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் உட்கார்ந்து பேசிய மாடங்களின் விளிம்பு வழவழத்துக் கிடக்கிறது. 1990களில் கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி ஓவியர் எம்.எஃப். உசேனுக்காக நகரத்துக்குள் அமைத்த ‘அம்தாவாத் நி குஃபா’ என்ற காட்சிக்கூடமும் நிலத்தடியிலேயே இருப்பது எனக்கு வியப்பளிக்கவில்லை.

காலிகோ துணி அருங்காட்சியகத்துக்கு முன்பதிவு இல்லாமல் போக முடியாது. ஒரு நேரத்தில் சிலரையே அனுமதிக்கிறார்கள், படமெடுக்கவும் கூடாது. 1949இல் ஆலை முதலாளிகளான சாராபாய் குடும்பத்தார் தொடங்கியது இது. துணியின் சாயம் வெளுக்காதிருக்க விளக்குகளை மங்கலாகவே வைத்திருப்பதால், கண் பழகச் சற்று நேரமாகும். பழகிய பிறகு, பாவையும் ஊடையையும் நெய்வதற்கு முன்பே முடிச்சிட்டுச் சாயமேற்றி, தறியில் நூலுக்கு நூல் பொருத்திய படான் என்ற ஊரின் படோலாப் பட்டின் முன்னே நின்றால் நகர மனம் வராது. பூவின் விளிம்பு மெலிதாகக் கலங்கித் தெரிவதே அது அச்சிட்டதன்று, நெய்தது என்பதற்கு அடையாளம். அருகிலேயே சாராபாய் அறக்கட்டளையின் தொகுப்பில் தென்னிந்திய வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. ஊர் விட்டு ஊர் வந்து நம்மூர்த் தெய்வங்களைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்ப்பதில் உள்ள சங்கடத்தை நான் அங்கும் உணர்ந்தேன்.

துணி இந்த ஊருக்குக் காட்சிப் பொருள் மட்டும் அன்று. 1861இல் முதல் ஆலை இயங்கத் தொடங்கியது. 1918இல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் 35 விழுக்காடு ஊதிய உயர்வு கேட்டு காந்தி உண்ணாநோன்பு இருந்தபோது, தொழிலாளர் பக்கம் அனசூயா சாராபாயும் முதலாளிகள் பக்கம் அவருடைய தம்பி அம்பாலாலும் நின்றார்கள். அந்த ஆலைகள் பிழைப்புத் தேடி வந்த தமிழர்களையும் இழுத்தன. அவர்களின் பிள்ளைகள் இன்றும் மணிநகர்ப் பகுதியில் வாழ்கிறார்கள். அங்கே ஒரு பெட்டிக்கடையில் நான் தமிழில் கைப்பேசியில் பேசுவதைக் கேட்டு, “தம்பிக்கு எந்த ஊரு?” என்று விசாரித்த முதியவர், தாம் வேலை பார்த்த ஆலை எண்பதுகளில் மூடிவிட்டதைச் சொன்னார். அப்பகுதியில் இருந்த தமிழ்வழிப் பள்ளியும் மாணவர் குறைந்ததால் 2020இல் மூடப்பட்டது. அதைத் தொடர வேண்டி அன்றைய தமிழக முதல்வர் எடப்பாடி பழனிசாமி குஜராத் முதல்வருக்குக் கடிதம் எழுதினார். “பேரன் நல்லாப் பேசுவான் தம்பி. எழுதத்தான் வராது,” என்றார் முதியவர். பேரன் உள்ளிருந்து குஜராத்தியில் ஏதோ கேட்டான். அவரும் குஜராத்தியிலேயே பதில் சொல்லிவிட்டு, எனக்குத் தேநீர் சொல்லச் சொன்னார்.