கோழி வண்டியும் அமெரிக்கச் சுங்க வரியும்

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வரும்வரை, கொழிஞ்சாம்பாறையில் ஒரு வரி ஆலோசகரிடம் கணக்கெழுதிக்கொண்டிருந்த எனக்கு, வாரத்தில் இரண்டு மூன்று இரவாவது தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் வேலை இருக்கும். பல்லடத்திலிருந்தும் உடுமலைப் பக்கத்திலிருந்தும் வரும் கறிக்கோழிக்குக் கேரளம் 14.5 சதவீத வரி வைத்திருந்தது. அதை எல்லையிலேயே முன்கூட்டிக் கட்டி, ரசீதில் முத்திரை விழுந்த பிறகுதான் வண்டி நகரும். ஓட்டுநர்கள் கூண்டுகளின் மேல் தண்ணீர் தெளித்தபடி வரிசையில் நிற்பார்கள். வண்டி நிற்க நிற்கக் கூண்டுக்குள் கோழிகள் சாகும். செத்த கோழிக்கும் சேர்த்தே வரி கட்டியிருக்கும்.

அந்த வரிக்குப் பின்னால் இரண்டு விருப்பங்கள் இருந்தன. கேரளத்தில் பண்ணை வைத்திருந்தவர்கள் தமிழ்நாட்டுக் கோழி எல்லை தாண்டக் கூடாது என்பதற்காக அந்த வரியை ஆதரித்தார்கள். வரித் துறைக்கோ வண்டிகள் எவ்வளவுக்கு எவ்வளவு வருகின்றனவோ அவ்வளவுக்கு நல்லது. கோழி வரவும் வேண்டும், வராமலிருக்கவும் வேண்டும் என்ற இந்த இரண்டு எதிர்பார்ப்பையும் ஒரே சதவீதத்தின் தலையில் ஏற்றி வைத்திருந்தார்கள். நடுவில், தென்னந்தோப்புகளுக்கிடையே ஓடும் ஊடுவழிகளில் விளக்கை அணைத்துக்கொண்டு போன வண்டிகள் இரண்டு தரப்பையும் ஏமாற்றின. வரி கூடிய அளவுக்கு வசூல் கூடவில்லை என்பதைக் கண்டுபிடிக்க யாரும் பொருளாதாரம் படிக்க வேண்டியதில்லை. எங்கள் அலுவலகப் பேரேட்டைப் புரட்டினால் போதும்.

அமெரிக்கா இறக்குமதிப் பொருள்களின் மீதான வரியை உயர்த்தி, அந்தப் பணத்தைக் கொண்டே தன் பட்ஜெட் பற்றாக்குறையை அடைத்துவிடப் போகிறது என்ற பேச்சை 2025 ஏப்ரலுக்குப் பிறகு பல இடங்களில் கேட்டபோது, எனக்கு அந்தக் கோழி வண்டிகள்தான் நினைவுக்கு வந்தன. ஒரு மாநிலச் செக்போஸ்ட்டையும் ஒரு வல்லரசின் துறைமுகங்களையும் ஒப்பிடுவது சற்று அதிகப்படிதான். ஆனாலும் வரியின் குணம் இடத்துக்கு இடம் பெரிதாக மாறுவதில்லை.

முதலில் தொகையைப் பார்த்துவிடலாம். 2024 நிதியாண்டில் அமெரிக்காவுக்குக் கிடைத்த சுங்க வருவாய் சுமார் 7,700 கோடி டாலர். வரிகள் உயர்ந்த பிறகு, 2025 செப்டம்பரில் முடிந்த நிதியாண்டில் அது சுமார் 19,500 கோடி டாலராக, அதாவது இரண்டரை மடங்காக வளர்ந்தது. சாதாரண வளர்ச்சி அல்ல. ஆனால் அதே ஆண்டின் பற்றாக்குறை சுமார் 1.78 லட்சம் கோடி டாலர். முந்தைய ஆண்டில் அது ஏறக்குறைய 1.8 லட்சம் கோடி. வருவாய் இரண்டரை மடங்கான பிறகும் பள்ளம் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்றது என்றால், பள்ளத்தின் ஆழம் எவ்வளவு என்று புரிந்துகொள்ளலாம். அந்த அரசு தன் கடனுக்குக் கொடுக்கும் வட்டி மட்டுமே ஆண்டுக்கு 1 லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

இன்னொரு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2024-இல் அமெரிக்கா இறக்குமதி செய்த சரக்குகளின் மதிப்பு சுமார் 3.3 லட்சம் கோடி டாலர். பற்றாக்குறை முழுவதையும் அதிலிருந்தே எடுக்க வேண்டுமென்றால், உள்ளே வரும் ஒவ்வொரு பொருளின் மீதும் சராசரியாக 50 சதவீதத்துக்கு மேல் வரி வைக்க வேண்டும்; வைத்த பிறகும் ஒரு பொருள்கூடக் குறையாமல் பழையபடியே வந்துகொண்டிருக்க வேண்டும். வேலந்தாவளத்தில் ஒரு இரவு நின்றவர் எவரும் இதை நம்பமாட்டார். போதாக்குறைக்கு, இறக்குமதியாளர் கட்டும் சுங்கம் அவருடைய லாபத்தைக் குறைக்கிறது. லாபம் குறைந்தால் அவர் கட்டும் வருமான வரியும் குறைகிறது. அமெரிக்க அரசுக் கணக்கர்களே இதற்காக வசூலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள். 2018, 2019-இல் சீனா பதிலடியாக அமெரிக்க சோயாவின் மீது கை வைத்தபோது, விவசாயிகளுக்கு முதலில் 1,200 கோடி டாலர் வரையிலும் அடுத்த ஆண்டு 1,600 கோடி வரையிலும் நிவாரணம் அறிவிக்க வேண்டியிருந்ததும் இந்தக் கணக்கின் செலவுப் பத்திதான்.

வருவாய் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்த நாட்டு நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் 2025 ஆகஸ்டில், புதிய வரிகள் அப்படியே நீடித்தால் பத்தாண்டுகளில் பற்றாக்குறை மொத்தமாக 4 லட்சம் கோடி டாலர் குறையும் என்று மதிப்பிட்டது. சில வரிகள் தளர்ந்ததும், நவம்பரில் அதே அலுவலகம் அதை 3 லட்சம் கோடியாகக் குறைத்தது. காப்பி, வாழைப்பழம், மாட்டிறைச்சி போன்றவற்றின் விலையைப் பற்றி மக்கள் முணுமுணுக்கத் தொடங்கியதால் அவற்றுக்கு அந்த நவம்பரில் விலக்கு அளித்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டில் கை வைக்கும் வரி எந்த நாட்டிலும் அதிக நாள் நிற்பதில்லை. இதற்கிடையில், 2025 ஜூலையில் கையெழுத்தான வரிக்குறைப்புச் சட்டம் ஏறக்குறைய அதே பத்தாண்டுகளில் பற்றாக்குறையை 3.4 லட்சம் கோடி டாலர் கூட்டும் என்பதும் அதே அலுவலகத்தின் கணக்கே. ஒரு கையால் அள்ளி மறு கையால் கொட்டுவது என்று எங்கள் ஊரில் இதைத்தான் சொல்வார்கள்.

நாமும் இந்த வழியில் நடந்து பார்த்தவர்கள்தாம். 1990-91-இல் மத்திய அரசின் மொத்த வரி வசூலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுங்கத்திலிருந்து வந்தது. சில பொருள்களுக்கு வரி 300 சதவீதத்தையும் தாண்டியிருந்தது. அதே ஆண்டில்தான் நிதிப் பற்றாக்குறை உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 8 சதவீதத்தைத் தொட்டது. அடுத்த ஆண்டு தங்கத்தை விமானத்தில் ஏற்றி அனுப்பி அடகு வைக்க நேர்ந்தது. சுங்க வரிதான் அந்தப் பற்றாக்குறையை உண்டாக்கியது என்பது என் வாதமல்ல. அவ்வளவு வரியும் அதைத் தடுக்கவில்லை என்பதுதான். 2025-26 பட்ஜெட்டில் சுங்க வருவாய் மதிப்பீடு 2.4 லட்சம் கோடி ரூபாய், நிதிப் பற்றாக்குறை 15.69 லட்சம் கோடி. அந்தப் பட்ஜெட்டின்படி அரசுக்கு வரும் ஒரு ரூபாயில் சுங்கம் 4 பைசா, கடன் 24 பைசா.

யார் கட்டுகிறார்கள் என்ற கேள்விக்கும் நம் பக்கத்திலேயே விடை இருக்கிறது. 2024 செப்டம்பரில் கச்சா பாமாயிலுக்கு அடிப்படைச் சுங்கம் பூஜ்யத்திலிருந்து 20 சதவீதமானபோது, நான் மளிகை வாங்கும் கடையில் பாமாயில் பாக்கெட் அந்த மாதமே லிட்டருக்கு 20 ரூபாய் ஏறியது. 2025 மே இறுதியில் சுங்கம் 10 சதவீதமாகக் குறைந்தபோது, பழைய சரக்கு தீரட்டும் என்று கடைக்காரர் சொன்னார். கோழியிலும் இதுதான் நடந்தது. ஜிஎஸ்டியில் 14.5 சதவீதம் நீங்கியதும் கோழி விலை இறங்கவில்லை. கேரள நிதியமைச்சர் தாமஸ் ஐசக் கிலோவுக்கு 87 ரூபாய் என்று விலை சொல்லி வியாபாரிகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

பொள்ளாச்சிக்கு அருகே, தென்னை நார்த்தூளை அழுத்தி 5 கிலோ கட்டிகளாக ஏற்றுமதி செய்யும் என் மச்சான், 2025 ஆகஸ்ட் இறுதியில் இந்தியப் பொருள்களுக்கான அமெரிக்க வரி 50 சதவீதமானபோது, அங்குள்ள தன் வாடிக்கையாளரிடமிருந்து வந்த மின்னஞ்சலை என்னிடம் காட்டினார். விலையில் பாதிச் சுமையை நீங்கள் ஏற்றுக்கொண்டால் மீதியை நாங்கள் எங்கள் ஊர் நர்சரிக்காரர்கள் மீது ஏற்றிக்கொள்கிறோம் என்று அதில் ஒளிவுமறைவின்றி எழுதியிருந்தது. “மாமா, இந்த விலைக்குக் குடுத்தா எனக்கு மட்டை வாங்கின காசே தேறாது” என்றார் மச்சான். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், உண்மையிலேயே தேறவில்லை. தூத்துக்குடிக்குப் போகத் தயாராகிக் கட்டி அடுக்கி வைத்திருந்த அந்தச் சரக்கு மூன்று வாரம் கொட்டகையிலேயே கிடந்து, கடைசியில் சற்றுக் குறைந்த விலைக்குத் தென் கொரியாவுக்குப் போனது. அந்த ஒரு கன்டெய்னரில் அமெரிக்கச் சுங்கத்துக்குக் கிடைத்தது 50 சதவீதம் அல்ல, பூஜ்யம்.