மேசைக்கடியில் இருக்கும் தொட்டியை முதலில் எடுங்கள்

ஆபீஸில் நாலைந்து பேர் சேர்ந்து குப்பையைப் பிரிக்க ஆரம்பித்தால் முதல் வேலையாகப் போஸ்டர் ஒட்டுகிறார்கள், அடுத்து பச்சை, நீலத் தொட்டிகள் வாங்குகிறார்கள். இரண்டே வாரத்தில் இரண்டிலும் ஒரே குப்பை. மேசைக்கு மேசை இருக்கும் சின்னத் தொட்டிதான் வினை. வாழைப்பழத் தோலும் பிரிண்ட் பேப்பரும் அங்கேயே கலந்துவிடும்; கூட்ட வரும் அக்கா அத்தனையையும் ஒரே கறுப்புக் கவரில் கொட்டாமல் என்ன செய்வார்? அந்தச் சின்னத் தொட்டியை எடுத்துவிட்டு, நடந்துபோய்ப் போடும் தூரத்தில் ஈரத்துக்கு ஒன்று, உலர்ந்ததற்கு ஒன்று என்று ஜோடியாக வையுங்கள். முதல் வாரம் முணுமுணுப்பு இருக்கும், இருக்கட்டும்.

பேப்பர், அட்டை விற்ற காசு யாருக்கு என்பதை முதல் நாளே எழுதி வையுங்கள். துப்புரவுப் பணியாளர்களுக்கே போகட்டும். பிரிக்கும் கை அவர்களுடையது.

ஈரக்குப்பையை உரமாக்க 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் இரண்டு போதும், ஒன்று நிறைந்ததும் மற்றது. சுற்றிலும் அடியிலும் அரை அங்குல ஓட்டைகள் போட்டு, செங்கல் மேல் தூக்கி வைத்து, டிரம்முக்குள் அடியில் நாலு அங்குலத்துக்குத் தேங்காய் நாரோ சுள்ளியோ பரப்புங்கள். ஒரு பக்கெட் ஈரக்கழிவுக்கு இரண்டு பக்கெட் காய்ந்த இலை. தொடக்கத்தில் ஒரு செம்பு புளித்த மோர். மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறல். டிரம் நிறைந்த பிறகு 45 முதல் 60 நாள் அப்படியே விட வேண்டும்.

பேன்ட்ரியில் ஏமாற்றுவது டீச்சக்கை. ஃபில்டர் காபிச் சக்கையில் பால் கிடையாது, நேராகப் போடலாம். டீச்சக்கையோ பாலும் சர்க்கரையும் சேர்ந்து கொதித்தது. அப்படியே போட்டால் மறுநாள் புளித்த வாடையும் எறும்பும்தான். வடிதுணியிலேயே ஒரு தண்ணீர் விட்டு அலசி, இறுக்கிப் பிழிந்து போடுங்கள். சோறு கொஞ்சமாக இருந்தால் சரி, அதிகமானால் கட்டிப்பட்டுக் காற்றை அடைக்கும். உப்பும் எண்ணெயும் உள்ள குழம்பு, எலும்பு வேண்டாம்.

உள்ளே இருப்பதை ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் ஈரம் கசிந்தால் போதும், சொட்டினால் இலை சேர்க்க வேண்டும். மூத்திர வாடை வந்தாலும் இலைதான் குறைவு. அழுகிய முட்டை நாற்றம் என்றால் காற்று போகவில்லை, கிளறுங்கள். புழுவைப் பார்த்து டிரம்மையே மூடிவிடுபவர்கள் உண்டு. பெரும்பாலும் அது கறுப்பு ஈயின் புழு, உரத்துக்கு நல்லதுதான். மேலே இலை போட்டு மூடினால் போதும்.

உலர்ந்த பக்கம் கவனிக்க வேண்டியது பில். நகத்தால் கீறினால் கறுப்புக் கோடு விழும் பில்லைப் பேப்பர் கட்டோடு சேர்க்கக் கூடாது. பேப்பர் கப்பிலும் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை. அவரவர் டம்ளர், விருந்தினருக்கு இருபது எவர்சில்வர் டம்ளர். யார் கழுவுவது என்று பேசாமல் வாங்கினால் ஒரே மாதத்தில் கப் திரும்பி வரும்.

சென்னையில் அக்டோபர் மழை பிடித்துவிட்டால் காய்ந்த இலை கிடைக்காது. செப்டம்பருக்குள் பத்துச் சாக்கு இலை கட்டி, நனையாத இடத்தில் அடுக்கி வையுங்கள்.