கே மதிப்பு வந்துவிட்டது, சரி. உள்ளே போட்ட எண்கள்?

பர்கூரிலோ தர்மபுரியிலோ இன்ஜினியரிங் கடைசி வருஷத்தில், கல்பாக்கம் வேக ஈனுலையை (வேக நியூட்ரான்களில் ஓடும் அணு உலை), நியூட்ரான்களைக் குலுக்கல் முறையில் பின்தொடரும் ஓபன்எம்சி மென்பொருளில் மாதிரியாக்கிப் பார்க்க நினைக்கும் தம்பி, தங்கைகளுக்காக இது. மென்பொருள் இலவசம், லேப்டாப்பிலேயே ஓடும். ஆனால் தப்பான எண்ணைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காது. ஐந்து தசமத்தோடு ஒரு கே மதிப்பைத் துப்பிவிடும். (ஒரு தலைமுறை நியூட்ரான்கள் அடுத்த தலைமுறையில் எத்தனை மடங்காகின்றன என்பதுதான் கே; 1 என்றால் உலை சீராக ஓடும்.) வில்லங்கமே அங்கேதான்.

உலையின் அளவுகள் ரகசியமில்லை. 1250 மெகாவாட் வெப்பம், 181 எரிபொருள் கட்டுகள், கட்டுக்கு 217 ஊசிகள். ஊசியின் வெளிவிட்டம் 6.6 மி.மீ., உறைத் தடிமன் 0.45 மி.மீ. உள்பகுதியின் 85 கட்டுகளில் புளூட்டோனியம் ஆக்சைடு 20.7 சதவீதம், வெளிப்பகுதியின் 96 கட்டுகளில் 27.7.

முதலில் விடுபட்டுப்போவது சுருள் கம்பி. ஊசிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சோடியம் ஓட வழிவிட, ஒவ்வொரு ஊசியையும் 1.65 மி.மீ. கம்பி சுற்றியிருக்கும். வரையச் சிரமம் என்று விட்டுவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: உறையின் குறுக்குப் பரப்பு 8.7 சதுர மி.மீ., கம்பியுடையது 2.1. உறை எஃகில் கால்வாசி அளவு காணாமல் போய், அங்கே சோடியம் நிற்கிறது. சுருளாகவே வரைய வேண்டியதில்லை. உறையின் வெளிவிட்டத்தை 6.8 மி.மீ. ஆக்கினால் கம்பியின் எஃகு உள்ளே வந்துவிடும்.

அடுத்தது சூடு. வரைபட அளவுகள் அறை வெப்பநிலைக்கானவை. கட்டுகளைத் தாங்கும் தட்டோ, உள்ளே வரும் சோடியத்தின் 397 டிகிரியில் இருக்கிறது. எஃகு சுமார் 0.66 சதவீதம் விரியும். கட்டுகளுக்கு இடையிலான 135 மி.மீ. தூரம் ஏறத்தாழ 0.9 மி.மீ. கூடும். நீளத்தை விரித்துவிட்டு அடர்த்தியைக் குறைக்க மறந்தால், இல்லாத எஃகு 2 சதவீதம் உலைக்குள் முளைத்துவிடும். சோடியமும் அப்படித்தான்: கன செ.மீ.க்கு அறை வெப்பநிலையில் 0.97 கிராம், உலையின் சராசரிச் சூட்டில் சுமார் 0.84.

இதைவிட மோசம், எரிபொருளின் வெப்பநிலையைக் குறிப்பிடாமல் விடுவது. ஓபன்எம்சி தானாக 293.6 கெல்வின் என்று எடுத்துக்கொள்ளும். யுரேனியம்-238 சூடேறும்போது அதன் ஒத்ததிர்வுகள் (நியூட்ரானை மிக எளிதாகப் பிடிக்கும் ஆற்றல் இடங்கள்) அகன்று அதிக நியூட்ரான்களை விழுங்கும். இதுதான் டாப்ளர் விளைவு. குளிர்ந்த எரிபொருளைப் போட்டால் கே நூற்றுக்கணக்கான பிசிஎம் (ஒரு பிசிஎம் என்பது லட்சத்தில் ஒரு பங்கு) கூடுதலாக வரும். வெப்பநிலை முறையை 'இடைமதிப்பு' (interpolation) என்று மாற்றுங்கள். இல்லையென்றால் தரவில் இல்லாத சூட்டைக் கேட்டு ஓட்டம் நின்றுபோகும்.

இனி ஓட்டம். நம்ம ஊரில் புது போர் போட்டதும் வரும் சேற்றுத் தண்ணியை யாரும் தொட்டியில் விடுவதில்லை, தெளியும்வரை வெளியே ஓடவிடுவோம். ஓட்டத்தின் முதல் சுழற்சிகளும் (ஒவ்வொரு தலைமுறை நியூட்ரான்களையும் கணக்கிடும் சுற்றுகள்) அப்படித்தான். நாம் குத்துமதிப்பாகக் கொடுத்த நியூட்ரான் மூலம் உண்மையான பரவலுக்கு வரும்வரை அவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தெளிந்ததா என்று பார்க்க ஷானன் என்ட்ரபியை (நியூட்ரான் மூலம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் எண்) வரையுங்கள். கே நிலைத்துவிட்டது என்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள்; கே சீக்கிரம் அடங்கிவிடும், பரவல் அடங்காது.

10 லட்சம் நியூட்ரானுக்குப் பிழை 100 பிசிஎம் அளவில் இருக்கும். 10 பிசிஎம் வேண்டுமானால் 10 கோடி. இரவெல்லாம் ஓடவேண்டி வரும், நடுவில் கரண்ட் போகும். இடையிடையே நிலைக்கோப்பு எழுதச் சொல்லிவைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? யுரேனியம்-235 ஓடும் வெப்ப உலையில் தாமத நியூட்ரான்கள் (பிளவுக்குச் சற்றுப் பின் வெளிவருபவை) சுமார் 650 பிசிஎம். புளூட்டோனியம் ஈனுலையில் ஏறக்குறைய பாதி, 350 பக்கம். கட்டுப்பாட்டுக்குக் கையில் இருக்கும் இடைவெளியே அவ்வளவுதான். இரண்டு ஓட்டங்களைக் கழித்து டாப்ளர் மதிப்பு (எரிபொருள் சூடேறும்போது கே மாறும் அளவு) எடுக்கும்போது பிழை 1.4 மடங்காகும். 100 பிசிஎம் பிழையுள்ள இரண்டு ஓட்டங்களைக் கழித்து "எதிர்மறை வந்துவிட்டது" என்று ரிப்போர்ட்டில் எழுதினால், மதிப்பீட்டாளர் முதலில் கை வைப்பது அந்த வரியில்தான்.