காற்றாடிமலையில் ஒரு பெரிய சனி: உயிர்ப்புப் பெருவிழாவின் பூக்கள்

களியக்காவிளையை ஒட்டிய எங்கள் பங்குக் கோயிலில், திருநீற்றுப் புதனோடு தவக்காலம், அதாவது உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டர்) முந்திய நோன்புக் காலம், தொடங்கிவிட்டால் பீடத்தருகே பூ வைக்கும் வழக்கம் நின்றுவிடும். கத்தோலிக்கத் திருவழிபாட்டு ஒழுங்கே அப்படித்தான் சொல்கிறது: தவக்காலத்தின் நான்காம் ஞாயிறும் இடையில் வரும் பெருவிழாக்களும் விழாக்களும் நீங்கலாக, அந்த நாட்களில் பீடத்தை மலர்களால் அணி செய்யக் கூடாது. பெரிய வியாழன் இரவுத் திருப்பலி முடிந்ததும் பீடத்துணியும் எடுக்கப்பட்டுவிடும். பெரிய வெள்ளியன்று பீடம் வெறுமையாக நிற்கும். மணியும் ஒலிக்காது, மரக்கட்டையைத் தட்டித்தான் மக்களை வழிபாட்டுக்கு அழைப்பார்கள். பிறகு சனி இரவு, உயிர்ப்பை எதிர்நோக்கி விழித்திருந்து நடத்தும் பாஸ்கா திருவிழிப்பில் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாடலைப் பாடத் தொடங்கும் அந்தக் கணத்தில், மணியும் விளக்கும் பூவும் ஒன்றாகத் திரும்பி வருகின்றன. உயிர்ப்பு விழாப் பூக்களைப் பற்றிப் பேசும்போது எந்தப் பூ எதைக் குறிக்கிறது என்று தொடங்குவதே வழக்கம். அந்தப் பூக்களின் பொருள், அவை இல்லாமல் நாம் இருந்த நாட்களில்தான் முதலில் உருவாகிறது என்பது என் எண்ணம். தவக்காலத்து வெறும் பீடத்தின் முன் முழந்தாளிடாதவருக்கு உயிர்ப்பு ஞாயிற்றின் மலர்கள் வெறும் அலங்காரமாகவே தெரியும்.

இந்த முறை திருவிழிப்புக்குப் பூ வாங்கப் போகும் பயணத்தையே ஒரு திருப்பயணமாக வைத்துக்கொள்ளலாம் என்று, கோயில் அலங்காரத்தைக் கவனிக்கும் நாங்கள் சிலர் முடிவு செய்தோம். பெரிய சனி அன்று விடியுமுன் பூச்சந்தை உள்ள தோவாளை, அங்கிருந்து ஆரல்வாய்மொழி காற்றாடிமலை, திரும்பும் வழியில் கோட்டாறு என்பது திட்டம். மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் எனச் செல்லும் அந்தச் சாலையில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பூ மேற்கே பயணப்படுகிறது. 1956 நவம்பர் 1 வரை இந்த நிலம் முழுவதும் திருவிதாங்கூரின், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாகவே இருந்தது. எல்லை வந்த பிறகும் பூவின் பாதை மாறவில்லை. ஓணத்துக்கும் கோயில் வழிபாட்டுக்கும் தோவாளைப் பூ இன்றும் திருவனந்தபுரம் போகிறது.

தோவாளைச் சந்தையை விடியற்காலையில்தான் பார்க்க வேண்டும். பிச்சி, மல்லிகை, அரளி, கேந்தி, வாடாமல்லி, கொழுந்து, துளசி, தாமரை எனக் குவியல் குவியலாகக் கிடக்கும் பூக்களுக்கு நடுவே தராசுத் தட்டுகள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கின்றன. பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் காலம் மல்லிகைக்கு நல்ல பருவம். உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எந்த ஞாயிறு வந்தாலும் எங்கள் பக்கத்துக் கோயில்களுக்கு மல்லிகைக்குக் குறை வந்ததில்லை. ஐரோப்பாவில் பனி விலகிய பின் வரும் முதல் பூக்கள் அந்த விழாவுக்கு அடையாளமாயின. நமக்கோ கடும் வெயிலில் மலர்கிற மல்லிகையும், ஓலையெல்லாம் வெளுக்கும் வறட்சியில் மஞ்சளாய்ச் சொரியும் கொன்றையும் அதே விழாவைச் சொல்கின்றன. உயிர்ப்பைக் குளிருக்குப் பின் வரும் இளவேனிலாக மட்டுமே எண்ணப் பழகியவர்கள், வெயிலுக்கு நடுவே பூக்கும் மரத்தையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

ஒரு கடையில் வயதான அம்மா ஒருவர் சம்பங்கியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு. நாங்கள் விரிந்த பூக்களாகப் பார்த்து எடுக்கப் போனபோது கையமர்த்தினார். “பாஸ்காவுக்குத்தானே மக்களே? அப்போ மொட்டாவே எடுத்துக்கிடுங்க. அந்தியிலதான் இது விரியும். ராத்திரிப் பூசைக்குள்ள மணம் கோயில் முழுக்க நிக்கும்.” திருவிழிப்பு இரவில்தான் நடக்கும் என்பதும், சம்பங்கி மாலையில் விரிந்து இரவில் மணம் கூடும் பூ என்பதும் அவருக்கு ஒரே கணக்காக இருந்தன. அவர் சொன்னபடியே மொட்டுக் கதிர்களாக வாங்கினோம். பக்கத்துத் திண்ணையில் ஒருவர் மாணிக்க மாலை கட்டிக்கொண்டிருந்ததைச் சற்று நேரம் நின்று பார்த்தோம். வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் பச்சை இலையையும் மடித்து மடித்து, இதழ் என்பதே தெரியாதபடி கல் பதித்த பட்டையாக அவர் விரல்கள் மாற்றிக்கொண்டிருந்தன. 2025-இல் புவிசார் குறியீடு பெற்ற கைவினை இது. எங்கள் பாஸ்கா மெழுகுதிரித் தண்டுக்கு அதில் ஒன்றைக் கேட்டு வாங்கினோம்.

பயண வேனில் எங்களோடு வந்த இளைஞர் ஒருவர், ஈஸ்டர் என்றால் லீலி மலர்தானே, நாம் ஏன் சம்பங்கி வாங்குகிறோம் என்று கேட்டார். கேள்வி நியாயமானது, வாழ்த்து அட்டைகளில் எல்லாம் அந்த வெள்ளை எக்காள மலர்தான் இருக்கிறது. ஆனால் அந்த மலரின் சொந்த ஊர் ஐரோப்பாவும் அல்ல, எருசலேமும் அல்ல. ஜப்பானின் தெற்கே ஒகினாவாவை உள்ளிட்ட ரியூக்யூ தீவுகளும் தைவானும் அதன் பிறப்பிடம். 1794-இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் துன்பெர்க் அதற்கு அறிவியல் பெயர் இட்டார். 19-ஆம் நூற்றாண்டில் பெர்முடா தீவு வழியாக அது அமெரிக்காவுக்குப் போயிற்று. 1919-இல் லூயிஸ் ஹாட்டன் என்ற போர்வீரர் ஒரு பெட்டி நிறையக் கிழங்குகளை ஓரிகன் கடற்கரைக்குக் கொண்டு சென்று அண்டை வீட்டாருக்குப் பகிர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிலிருந்து கிழங்கு வரத்து நின்றதும், அங்கு பொழுதுபோக்காகப் பயிரிட்டவர்கள் பெரும் விவசாயிகளானார்கள். இன்று உலகின் ஈஸ்டர் லீலிக் கிழங்குகளில் மிகப் பெரும்பங்கு, ஓரிகனும் கலிபோர்னியாவும் சந்திக்கும் அந்த எல்லைப்புறத்தில்தான் விளைகிறது. இயல்பாகக் கோடையில் பூக்கும் செடி அது. குளிரையும் வெப்பத்தையும் அளந்து கொடுத்து, ஆண்டுக்கு ஆண்டு நகரும் விழாவுக்கு ஏற்ப அதை மலரச் செய்கிறார்கள்.

இதனால் லீலியின் பொருள் குறைந்துவிடாது. மண்ணுக்குள் உயிரற்றது போல் கிடக்கும் கிழங்கு கல்லறையையும், அதிலிருந்து எழும் தண்டு உயிர்ப்பையும், எக்காளம் போன்ற வடிவம் நற்செய்தியை அறிவிக்கும் குரலையும், வெண்மை தூய்மையையும் உணர்த்துகின்றன. கைதாகும் முன் ஆண்டவர் செபித்த கெத்சமனியில் அவரது வியர்வைத் துளி விழுந்த இடங்களில் லீலி முளைத்தது என்றொரு பழங்கதையும் உண்டு. நற்செய்தியில் அப்படி இல்லை. இயேசு காட்டு மலர்களைச் சுட்டிக்காட்டி, சாலமோனும் தன் மேன்மையில் அவற்றைப்போல் உடுத்தியதில்லை என்று சொன்ன இடத்தில் கூட, அவர் கண்முன் இருந்தவை கலிலேயாவின் குன்றுகளில் இளவேனிலில் பூக்கும் சிவந்த அனிமோன் மலர்களாக இருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். ஆக, நம் மண்ணில் நமக்கு எட்டும் பூவைக் கொண்டுபோவதில் குறை ஒன்றும் இல்லை. சம்பங்கியும் மெக்சிகோவிலிருந்து வந்த பூதான். வந்தேறிய மலர் எங்கள் சந்தையில் எங்கள் பூவாகிவிட்டது.

காற்றாடிமலையை நெருங்கும்போது வேலியோரம் சிறுபூனைக்காலிக் கொடி படர்ந்திருந்தது. வேனை நிறுத்தி ஒரு பூவைக் கையில் வைத்துப் பார்த்தோம். தென் அமெரிக்காவில் இந்த இனப் பூக்களைக் கண்ட ஸ்பானிய மறைபரப்பாளர்கள், இழைகளால் ஆன வட்டத்தில் முள்முடியையும், மூன்று சூல்முடிகளில் ஆணிகளையும், ஐந்து மகரந்தப் பைகளில் ஐந்து காயங்களையும் கண்டார்கள். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமில் ஜாக்கமோ போசியோ அதை எழுதிவைத்தார். இதே இனத்தின் பெரிய பூவை நம் நாட்டில் கிருஷ்ணகமலம் என்று வளர்ப்பவர்கள், இழைகளில் கௌரவர் நூற்றுவரையும் ஐந்து பைகளில் பாண்டவரையும் காண்கிறார்கள். ஒரே பூவின் முன் இரு சமயத்தார் தங்கள் தங்கள் துயரக் கதையை நினைத்து நிற்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

காற்றாடிமலையில் வியாகுல அன்னை ஆலயம் இருக்கிறது. மகனை இழந்த தாயின் பெயரால் அமைந்த கோயிலுக்குப் பெரிய சனி அன்று போவது பொருத்தமாகவே பட்டது. 1752 ஜனவரி 14 அன்று தேவசகாயம் பிள்ளை சுட்டுக் கொல்லப்பட்டது இந்த மலையில்தான். 1712-இல் நட்டாலத்தில் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்து, மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனைப் பணியில் இருந்தவர். குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்குத் தலைமை தாங்கிய டச்சு அதிகாரி டிலனாயின் வழியாகக் கிறிஸ்துவை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றவர். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். தேவசகாயம் பிள்ளை இறந்தபோது மேலிருந்து விழுந்தது என்று மக்கள் நம்பும் மணியடிச்சான் பாறையை, வருகிறவர்கள் சிறு கல்லால் தட்டுகிறார்கள். வெண்கல ஓசை எழுகிறது. ஊரெங்கும் கோயில் மணிகள் மௌனமாக இருக்கும் அந்த நாளில் பாறையின் ஒலியைக் கேட்டபோது எங்களில் சிலர் அழுதுவிட்டார்கள்.

பூவுக்கு வருகிறேன். அவரைக் கைதுசெய்து, கைகளைப் பின்னே கட்டி, எருமையின் மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனபோது, அவர் கழுத்தில் எருக்கம்பூ மாலை போட்டார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். குற்றவாளியைச் சிறுமைப்படுத்த இடும் மாலை அது. அதே எருக்கம்பூவை நம் ஊர்களில் பிள்ளையாருக்கு மனமுவந்து சாத்துகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். பூவில் இழிவு இல்லை, இட்டவர் மனத்தில் இருந்தது. ஏளனத்துக்காகச் சூட்டிய முள்முடியைத் திருச்சபை அரசரின் முடியாக வணங்குவது போலவே, இந்த எருக்க மாலையும் வணங்கத்தக்கது. மலையடிவாரத்தில் எருக்குத் தானாக வளர்ந்து பூத்திருந்தது. மெழுகு பூசினாற்போன்ற வெளிறிய ஊதா இதழ்கள் ஐந்து, நடுவே கிரீடம் போல் எழும்பிய ஒரு சிறு மேடு. உடைத்த இடத்தில் பால் வடிந்து கையில் பிசுபிசுத்தது. ஒரு கைப்பிடி பறித்து, ஈரத் துணியில் சுற்றி, சம்பங்கிக் கட்டின் பக்கத்தில் வைத்துக்கொண்டோம்.

திரும்பும் வழியில் கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில், காட்டில் எறியப்பட்ட உடலிலிருந்து எஞ்சிய எலும்புகளைக் கொண்டுவந்து புதைத்த தேவசகாயம் பிள்ளையின் கல்லறை அருகே செபமாலை சொன்னோம். யோவான் நற்செய்தியின் அந்தப் பகுதியை ஒருவர் வாசித்தார்: சிலுவையில் அறைந்த இடத்தில் ஒரு தோட்டம் இருந்தது, அந்தத் தோட்டத்தில் புதிய கல்லறை இருந்தது, மூன்றாம் நாள் விடியலில் மகதலா மரியா உயிர்த்த ஆண்டவரைத் தோட்டக்காரர் என்றே எண்ணினாள். கல்லறையைத் தோட்டத்துக்குள் வைத்தவர் யோவான் ஒருவரே. உயிர்ப்பு விழாவில் பூ ஏன் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரான விடை எனக்குத் தெரியாது. நம் ஊரில் கல்லறைத் தோட்டம் என்று சொல்லிப் பழகிவிட்டதால், அந்த இரண்டு சொற்களும் சேர்ந்து நிற்பதன் ஆறுதலை நாம் கவனிப்பதே இல்லை.

மாலை ஊர் வந்ததும் அலங்காரம் தொடங்கியது. பூவைப் பீடத்தின் மேல்தளத்தில் அடுக்காமல் அதைச் சுற்றியே வைக்க வேண்டும் என்பதும், பாஸ்கா திரிக்கு முதன்மை தர வேண்டும் என்பதும் எங்கள் பங்கில் நெடுநாள் வழக்கம். எருக்கம்பூவைத் தேவசகாயம் பிள்ளையின் உருவத்தின் காலடியில் வைக்கலாம் என்று நாங்கள் சொன்னபோது, பங்கின் சிறு குடும்பக் குழுவான அன்பியத்தின் மூத்த அம்மச்சி ஒருவர் முதலில் தயங்கினார். எருக்கு சுடுகாட்டுப் பக்கம் வளர்வது, கோயிலுக்கு ஆகுமா என்றார். காற்றாடிமலையில் பறித்தது என்றும், அவர் கழுத்தில் இருந்தது அதுதான் என்றும் சொன்னதும், தாமே வாங்கி ஒவ்வொரு பூவாக வாழைநாரில் கோத்துத் தந்தார்.

திருவிழிப்பில் புதுத் தீயிலிருந்து திரி ஏற்றப்பட்டு, இருண்ட கோயிலுக்குள் அது நுழைந்த பின் பாஸ்கா புகழுரை பாடப்பட்டது. அந்தப் பழைய இலத்தீன் பாடல் திரியைப் புகழும்போது தேனீக்களின் உழைப்பையும் சேர்த்துப் புகழ்கிறது. மெழுகு தந்தவை அவை. தேனீ தொட்டது பூவை அல்லவா? ஆக, பீடத்தருகே பூ வருவதற்கு முன்பே திரியின் உருவில் பூ கோயிலுக்குள் வந்துவிடுகிறது. பழைய ஏற்பாட்டு வாசகங்கள் முடிந்து ‘உன்னதங்களிலே’ எழுந்தபோது விளக்குகள் எரிந்தன, மணிகள் அடித்தன. மொட்டாக வாங்கிய சம்பங்கி அதற்குள் விரிந்திருந்தது. தமிழும் மலையாளமும் கலந்து பாடிய மக்களுக்கு நடுவே அதன் மணம், தோவாளை அம்மா சொன்னபடியே, கோயில் முழுக்க நின்றது.

உயிர்ப்புக் காலம் பெந்தகோஸ்து வரை ஐம்பது நாள் நீள்வதால், சனிதோறும் பூ மாற்றும் பொறுப்பை அன்பியங்கள் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. இரண்டாம் வாரம் எங்கள் முறை. எருக்கம்பூ கொண்டுவரும் வேலையை, லீலியைப் பற்றிக் கேட்ட அந்த இளைஞர் தாமே கேட்டு ஏற்றுக்கொண்டார்.