மூட்டுவாதம் என்று சொல்லியிருக்கிறோம்

மார்ச் 9, 2025
தங்கைக்கு இன்றும் கால் வீங்கியிருக்கிறது. கொலுசைக் கழற்றி ஜன்னல் ஓரம் வைத்திருக்கிறாள்.

மார்ச் 11
அமெரிக்க எழுத்தாளர் ஃப்ளானரி ஓ'கானரைத் திரும்பவும் எடுத்தேன். கதைகளை இல்லை, கடிதங்களை. 1950 டிசம்பரில் ஊருக்குப் போகும் ரயிலிலேயே நோய் முற்றிவிட்டது. வயது 25. அம்மா ரெஜினாவுக்கு எல்லாம் தெரியும். மகளிடம் மூட்டுவாதம் என்று சொல்லிவிட்டார்கள். 1941இல் அப்பாவைக் கொண்டுபோனதும் இதே லூபஸ்தான், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய். அப்போது மகளுக்கு 15 வயது. அந்தப் பெயரை எந்த வாயால் சொல்வார்? ரெஜினாமேல் எனக்குக் கோபமே வரவில்லை.

மார்ச் 12
அம்மா தங்கையின் ரிப்போர்ட் ஃபைலை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

மார்ச் 16
தூக்கம் இல்லை. 1952 கோடையில் தோழி சாலி ஃபிட்ஸ்ஜெரால்ட்தான் உண்மையைச் சொன்னார். ஒன்றரை வருடம் வேறொரு நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஊசி போட்டிருக்கிறார் ஓ'கானர். தெரிந்த பிறகு என்ன செய்தார்? அந்த வருடமே மயில்களைத் தருவித்தார். சொந்த ஊரான மில்லெட்ஜ்வில் பண்ணைவீட்டில் மாடி ஏற முடியாமல் கீழ் அறையில் இருந்தார். மேஜையை அலமாரியின் முதுகைப் பார்க்கப் போட்டுக்கொண்டு தினமும் காலையில் எழுதினார். படுத்தால் அந்த மயில்கள்தான் நினைவில் வருகின்றன. தெரிந்த பிறகு வாங்கிய மயில்கள்.

மார்ச் 18
உச்சி வெயிலில் மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறாள். இந்த நோய்க்கு வெயில் ஆகாது. என்ன சொல்லித் தடுப்பது? "மூட்டுக்கு வெயில் நல்லதுக்கா" என்கிறாள். இரண்டு கன்னமும் சிவந்து மூக்குத் தண்டுவரை பரவியிருக்கிறது. பார்க்க முடியவில்லை.

மார்ச் 21
யூரின் ரிசல்ட் இன்னும் வரவில்லை.

மார்ச் 25
சவான்னாவில் ஓ'கானர் பிறந்து இன்றோடு 100 வருடம். போனது 1964 ஆகஸ்ட் 3. வயது 39. அந்த வருடம் ஒரு ஆபரேஷனுக்குப் பின் நோய் திரும்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் நோட்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு எழுதினாராம்.

இந்த 39ஐ அவளிடம் எப்படிச் சொல்வது? அவளுக்கு இப்போது 26. இன்று மருந்தெல்லாம் வேறு, டாக்டரும் திரும்பத் திரும்பச் சொன்னார். சரி. ஆனால் பெயர் தெரிந்த பிறகு ஓ'கானருக்கு 12 வருடம் இருந்தது. முதல் நாவல் 'வைஸ் பிளட்' தவிர எல்லாப் புத்தகமும் அதற்கப்புறம்தான். தெரியாமல் போனது ஒன்றரை வருடம். நாங்கள் ஏற்கெனவே நாலு மாதம் எடுத்துக்கொண்டுவிட்டோம்.

மார்ச் 26
நாளைக்கு நானே சொல்லப்போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஒன்றும் பேசவில்லை. ராத்திரி பீரோ சாவியை என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 27
காலை 6 மணி. எழுந்துவிட்டாள். கொலுசைத் தேடுகிறாள்.